பச்சைப்பயறு முளைக்குச் சூடு பழக்குவது: ஐஸ் பாக்ஸில் ஒரு வெந்நீர்ச் சோதனை

49 டிகிரி வாக்கில் 2 மணி நேரம் இருந்தால் பச்சைப்பயறு முளை பெரும்பாலும் பிழைக்காது. அதே முளையை முதலில் 40 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, அதன்பின் 49-இல் போட்டால் நல்ல பங்கு பிழைத்து வேர் விடும். இரண்டாவது முளை மொத்தத்தில் அதிகச் சூடு வாங்கியிருக்கிறது. ஆனாலும் அதுதான் பிழைக்கிறது. முளை முதல் சூட்டை உணர்ந்து உள்ளே ஏதோ தயார் செய்துகொண்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வீட்டில் கிடைக்காது.

சோதனை புதிதல்ல. 1980-களில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜோ கீயின் குழு சோயா முளையில் இதைத்தான் செய்தது. 28 டிகிரியில் வளர்ந்த இரண்டு நாள் முளையை 45 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் சாகும். முன்னதாக 40 டிகிரி காட்டினால் தாங்கும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் இதையே பயிர் ரகங்களைச் சலித்தெடுக்கும் முறையாக ஆக்கினார்கள். நாற்றுக்குச் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, பிறகு கொல்லும் வெப்பநிலையில் வைத்து, மீண்டு வளர்கிறவற்றை மட்டும் எடுப்பது அங்கே வழக்கம். வீட்டில் செய்ய சோயாவைவிடப் பச்சைப்பயறு வசதி. முளை ஒரே சீராக வரும், மளிகைக் கடையில் கிடைக்கும், சூட்டையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

தொட்டி

10 லிட்டர் பிளாஸ்டிக் ஐஸ் பாக்ஸ், டீ போடப் பயன்படும் 250 அல்லது 300 வாட் சின்ன காயில், வெப்பநிலையைப் பார்த்துக் காயிலை இயக்கி நிறுத்தும் எஸ்.டி.சி-1000 தெர்மோஸ்டாட், மீன் தொட்டிக்கான காற்று பம்ப், காற்றைக் குமிழியாக விடும் ஒரு காற்றுக்கல். இவ்வளவு போதும்.

குளிக்க வெந்நீர் போடும் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பி வேண்டாம். 10 லிட்டர் தண்ணீரை அது நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் ஏற்றும். தெர்மோஸ்டாட்டின் சுவிட்சான ரிலே துண்டித்த பிறகும் கம்பிக்குள் தங்கிய சூடு தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும், எனவே நிர்ணயித்த அளவைத் தாண்டிவிடும். முளை சாவதும் பிழைப்பதும் ஒன்றிரண்டு டிகிரியில் தீர்மானமாகிற சோதனையில் இந்த ஏற்ற இறக்கம் கட்டுப்படியாகாது. 300 வாட் காயில் நிமிடத்துக்குச் சுமார் 0.4 டிகிரிதான் ஏற்றும். மெதுவானது, ஆனால் அடக்கமானது. மீன் தொட்டி ஹீட்டரும் உதவாது. அதன் உள்ளேயே இருக்கும் தெர்மோஸ்டாட் 32, 34 டிகிரியில் தானாக அணைந்துவிடும். 40-ஐ எட்டவே எட்டாது.

எஸ்.டி.சி-1000-இல் பலரும் தடுமாறும் இடம் ஒன்று. 1, 2 முனைகளுக்கு 230 வோல்ட் கொடுத்ததும் திரை எரியும், ஹீட்டிங் விளக்கும் எரியும், காயில் மட்டும் சூடாகாது. ரிலே முனைகள் வெறும் சுவிட்ச். அவற்றுக்குத் தானாக மின்சாரம் வராது. ஃபேஸ் முனையிலிருந்து ஒரு துண்டு வயரை 5-க்குக் கொண்டுபோய், 6-லிருந்து காயிலுக்குக் கொடுக்க வேண்டும். நியூட்ரல் நேராகக் காயிலுக்கு. 3, 4 சென்சாருக்கு. 7, 8 குளிர்விப்புக்கு, அவற்றைச் சும்மா விட்டுவிடலாம். முனை எண்கள் சில பெட்டிகளில் மாறி வரும், ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே இணைக்கவும்.

பெட்டியின் அமைப்புகள் நான்கு. எஃப்1-இல் வெப்பநிலை. எஃப்2 என்பது எவ்வளவு இறங்கினால் மறுபடி சூடேற்ற வேண்டும் என்பது, அதை 0.3-க்குக் குறையுங்கள். எஃப்3 கம்ப்ரஸர் தாமதம், இங்கே வேலையில்லை. எஃப்4 திருத்தம், அதற்குப் பிறகு வருகிறேன்.

காயிலைத் தொட்டியின் ஒரு ஓரத்தில், குறுக்கே வைத்த மரக்குச்சியில் தொங்கவிடவும். சுவரையோ தரையையோ தொட்டால் பிளாஸ்டிக் உருகும். சுருள் முழுவதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கி வெளியே தெரிந்தால் காயில் எரிந்துபோகும். சென்சார் எதிர் ஓரத்தில், முளைப் பை இருக்கும் ஆழத்தில். காற்றுக்கல் காயிலுக்கு அடியில் குமிழி விட்டால் தண்ணீர் தானே சுழலும். நீரில் மூழ்கும் பம்ப் வைக்க ஆசை வரும், ஆனால் அவற்றில் பலவும் 35 டிகிரிக்கு மேல் ஓடத் தக்கவை அல்ல. காற்று பம்பை நீர்மட்டத்துக்கு மேலேதான் வைக்க வேண்டும். கரண்ட் போனால் குழாய் வழியாகத் தண்ணீர் பின்வாங்கி பம்புக்குள் போய்விடும். வீட்டு இணைப்பில் மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லாமல் இந்தத் தொட்டியை இயக்கவே கூடாது. தண்ணீருக்குள் கை விடும் ஒவ்வொரு முறையும் பிளக்கை உருவிவிட்டே விட வேண்டும்.

தெர்மாமீட்டரை நம்பாதீர்கள்

இந்தச் சோதனை தோற்றுப்போனால் பத்தில் எட்டு முறை காரணம் வெப்பமானிதான். எஸ்.டி.சி-1000 திரையில் 0.1 டிகிரி வரை காட்டும், ஆனால் அதன் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 1 டிகிரி. தனியாக விற்கும் டி.எஸ்.18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலை சென்சாருக்கு அரை டிகிரி, அதுவும் அசல் சரக்காக இருந்தால். 48 என்று காட்டி உள்ளே 49.5 ஓடினால், பழக்கிய முளை பழக்காத முளை எல்லாமே செத்து, "ஒன்றும் நடக்கவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

வீட்டிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். 36-லிருந்து 42 டிகிரி வரையான குறுகிய வீச்சில் அதன் துல்லியம் சாதாரணமாக 0.1 டிகிரி. தொட்டியை 40-இல் நிறுத்தி, 20 நிமிடம் நிலைக்க விட்டு, அதன் முனையை எஸ்.டி.சி சென்சாருடன் சேர்த்துப் பிடித்து நீரில் வைக்கவும். வித்தியாசத்தை எஃப்4-இல் போடவும். அது ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 40 என்பது 104. 42-க்கு மேல் அது வெறுமனே மேல் எல்லை அறிவிப்பு காட்டும். 49-ஐச் சோதிக்க ஆய்வகக் கண்ணாடி வெப்பமானி ஒன்று வேண்டும்.

இன்னொன்று, பைக்குள் இருக்கும் வெப்பநிலை தொட்டியின் வெப்பநிலை அல்ல. ஜிப் பைக்குள் ஈரக் காகிதமும் முளையும் காற்றும் இருந்தால், உள்ளே சூடேறச் சில நிமிடங்கள் பிந்தும். பையைத் தட்டையாக வைத்தால் சீக்கிரம் ஏறும், உருட்டி வைத்தால் நடுவில் இருப்பவை பின்தங்கும். ஒரு வெறும் பையில் ஈரக் காகிதத்துக்கு நடுவே சென்சாரைச் செருகி மூழ்கடித்து, எத்தனை நிமிடத்தில் தொட்டியைப் பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரக் கணக்கு அந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கும்.

முளை

300 பயறு எடுத்தால் பொறுக்கியது போக மிஞ்சும். 8 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி இருட்டில் வைக்கவும். வேர் 10 முதல் 15 மில்லிமீட்டர் வந்ததும் எடுக்க வேண்டும். 28 டிகிரியில் இதற்கு ஒரு நாள் பிடிக்கும். வளைந்தது, நுனி ஒடிந்தது, தோல் பிளக்காதது எல்லாம் கழிவு.

ஒரே அடுக்கு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சமையலுக்குச் செய்வதுபோல் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால், முளைக்கும் பயறு மூச்சுவிடும் சூடே உள்ளே தங்கும். இரவு வைத்த மூட்டையைக் காலையில் பிரித்து நடுவில் விரலை விட்டாலே வெதுவெதுப்பு தெரியும். நடுவில் இருந்த முளை கொஞ்சம் பழகியது, ஓரத்தில் இருந்தது பழகாதது. இரண்டையும் கலந்து எடுத்தால் முடிவு சிதறும்.

இதைவிடப் பெரிய தொல்லை நம் ஊர்ச் சித்திரை வைகாசி. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பிற்பகல் 37, 38 டிகிரி சாதாரணம். அங்கே முளைகட்டிய பயறு, நாம் பழக்குவதற்கு முன்பே பாதி பழகியிருக்கும். கடைசியில் 'பழக்காத' குழுவும் பிழைத்து நிற்கும், வித்தியாசம் காணாமல் போகும். சோதனை பொய்த்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முளை சரியாகத்தான் செய்திருக்கிறது. ஏசி அறையில் 27, 28-இல் முளைகட்டுங்கள். ஏசி இல்லையென்றால் மார்கழி தை மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள், அல்லது வாய்அகன்ற மண்பானைத் தண்ணீரில் தட்டை மிதக்கவிட்டு ஈரத்துணியால் மூடுங்கள்.

கொல்லும் வெப்பநிலையைத் தேடுவது

மேலே 49 என்று சொன்னது ஒரு தொடக்கப் புள்ளிதான். ரகம், வயது, விதை எவ்வளவு பழசு என்பதைப் பொறுத்து அது 47-ஆகவும் இருக்கலாம், 52-ஆகவும் இருக்கலாம். வயது பெரிய விஷயம். காய்ந்த விதை இதையெல்லாம் அலட்டிக்கொள்ளாது. முட்டைக்கோஸ் விதையிலிருக்கும் கருப்பழுகல் பாக்டீரியாவைக் கொல்ல 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் போடுவதே உண்டு, அதற்குப் பின்னும் விதை முளைக்கும். நீர் குடித்து வேர் நீட்டிய பிறகுதான் அது மெலிகிறது.

எனவே முதல் நாள் பழக்காத முளைகளை மட்டும் 46, 48, 50, 52 டிகிரியில், ஒவ்வொன்றிலும் 20 வீதம், 2 மணி நேரம் வைத்துப் பாருங்கள். மூன்று நாள் கழித்து எதில் வளர்ச்சி 80, 90 விழுக்காடு குறைந்திருக்கிறதோ அதுதான் உங்கள் பயறுக்கான அளவு. ஒன்றுவிடாமல் செத்த வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்கே பழகிய முளையும் நிற்காது. பழக்கம் கூட்டித் தருவது சில டிகிரி தாக்குப்பிடிப்புதான்.

சோதனை நாள்

நான்கு குழு. ஒவ்வொன்றுக்கும் 20 முளை கொண்ட மூன்று பைகள்.

முதல் குழு சூடே காணாது, 28 டிகிரி நீரில் பையோடு மூழ்கியிருக்கும்.
இரண்டாவது 40 டிகிரி மட்டும்.
மூன்றாவது 49 மட்டும்.
நான்காவது 40, பிறகு ஓய்வு, பிறகு 49.

சூடு காணாத குழுவையும் பையில் அடைத்து மூழ்கடிப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் மூடிய பைக்குள் ஆக்சிஜன் குறைவதும் முளைக்கு ஒரு தாக்குதல்தான். அது எல்லாருக்கும் சமமாகப் போனால்தான் மிச்சம் தெரியும் வித்தியாசம் சூட்டினால் வந்தது என்று சொல்ல முடியும். அதே காரணத்துக்காகப் பையிலிருந்து காற்றை முழுக்கப் பிதுக்கி எடுக்காமல், அரை டம்ளர் அளவாவது விடுங்கள். மிதக்காமலிருக்க உள்ளே ஒரு ஸ்டீல் ஸ்பூன்.

ஒரே தொட்டியில் இது முடியும். காலை 8 மணிக்குத் தொட்டி 40-இல். இரண்டாம், நான்காம் குழுக்கள் உள்ளே. 10 மணிக்கு வெளியே எடுத்து எல்லாக் குழுவையும் 28-இல் வைத்துவிட்டுத் தொட்டியை 49-க்கு ஏற்றவும். காயிலை மட்டும் நம்பினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அவசரமென்றால் கொதித்து இறக்கிய தண்ணீர் சுமார் ஒன்றரை லிட்டர் ஊற்றினால் 8 லிட்டர் 40-லிருந்து 49-க்கு வந்துவிடும், அதற்கு இடம் விட்டு நிரப்பியிருக்க வேண்டும். 12 மணிக்கு மூன்றாம், நான்காம் குழுக்கள் ஒன்றாக உள்ளே போகின்றன. இரண்டும் ஒரே நீரில், ஒரே நேரம். 2 மணிக்கு எடுத்து 28 டிகிரி நீரில் மூழ்கடித்து ஆற்றவும்.

நடுவில் கொடுக்கும் 2 மணி நேர ஓய்வில்தான் காரியம் நடக்கிறது. சூடு ஏறியதும் செல் சவ்வு இளகுகிறது. சவ்விலுள்ள வாயில்கள் வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பாசிச் செடியில் இதைக் காட்டினார்கள்: சவ்வை இளக்கும் பென்சைல் ஆல்கஹாலைக் கொடுத்தால், அவ்வளவு சூடு இல்லாமலேயே செடி சூடு கண்டதுபோல் நடந்துகொள்கிறது. இன்னொரு பக்கம், செல்லுக்குள் புரதங்கள் மடிப்புக் குலைகின்றன. சாதாரண நேரத்தில் எச்.எஸ்.பி.70, எச்.எஸ்.பி.90 என்ற துணைப் புரதங்கள், வெப்ப அதிர்ச்சி மரபணுக்களை முடுக்கும் காரணியைப் பிடித்து வைத்திருக்கும். குலைந்த புரதங்களைக் கவனிக்க அவை ஓடியதும் காரணி விடுபட்டு உட்கருவுக்குள் போய் வேலையை ஆரம்பிக்கிறது. வழக்கமான புரத உற்பத்தி தணிந்து, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் குவிகின்றன. இவற்றில் எச்.எஸ்.பி.101 முக்கியம். சூட்டில் கட்டிதட்டிப்போன புரதத்தைப் பிரித்தெடுத்து மீட்பது அது. ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் கடுகுக் குடும்பச் சிறுசெடியான அராபிடாப்சிஸில் இந்த ஒரு புரதம் பழுதானால் பழகிப் பெறும் தாங்குதிறன் போய்விடுகிறது. நேரடியாக 49 டிகிரியில் விழும் முளையில் அழைப்பு மணி அடிக்கும், ஆனால் புரதம் செய்யும் பட்டறையே முதலில் நின்றுவிடும்.

மிதமான வெதுவெதுப்பை, அதாவது 22-லிருந்து 28-க்குப் போவது போன்ற மாற்றத்தை, செடி உணரும் வழி வேறு. ஒளி உணரும் ஃபைட்டோகுரோம் பி புரதமே அங்கே வெப்பமானியாகவும் வேலை செய்கிறது என்று 2016-இல் கேம்பிரிட்ஜ், புவெனஸ் அயர்ஸ் குழுக்கள் காட்டின. அந்த வழியின் விளைவு தண்டு நீள்வது. இந்தச் சோதனை அதைப் பற்றியதல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பாமலிருக்க முளைகளை முழுக்க இருட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணுவது, அளப்பது

சூட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு பையின் முளைகளையும் கிராஃப் தாளில் வரிசையாக அடுக்கிப் படமெடுத்துக்கொள்ளவும். பிறகு ஈரக் காகிதச் சுருளில், வேர் கீழ்நோக்க, 28 டிகிரி இருட்டில் 72 மணி நேரம். மறுபடி படம். இரண்டுக்கும் உள்ள நீள வித்தியாசம்தான் கணக்கு. கடைசி நீளத்தை மட்டும் எடுத்தால், தொடக்கத்திலேயே நீளமாக இருந்த செத்த முளையும் வளர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

தொட்டியிலிருந்து எடுத்தவுடன் எது செத்தது என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஐந்தாறு மணி நேரத்தில் செத்த வேர் கண்ணாடிபோல நீர்கோத்துத் தெரியும், எடுத்தால் தொய்யும். மறுநாள் நுனி பழுப்பாகி வழுவழுக்கும், புளித்த வாடை வரும். அவற்றை அன்றே அகற்றாவிட்டால் பூஞ்சை பக்கத்து முளைக்கும் பரவும். குழப்பம் தருவது நடுத்தரங்கள்தான்: வேர்நுனி கருகியிருக்கும், ஆனால் மூன்றாம் நாள் அதற்கு மேலே, தண்டின் அடியில், வெள்ளை வெள்ளையாகப் புது வேர் எட்டிப் பார்க்கும். நுனி வளர்திசு செத்து, மேல்பகுதி பிழைத்திருக்கிறது என்று பொருள். இதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், பிழைத்ததில் சேர்க்காதீர்கள், செத்ததிலும் சேர்க்காதீர்கள்.

மூன்று நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு டி.டி.எஸ் பேனா ஒன்று போதும். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி, ஆர்.ஓ தண்ணீர் சோதிக்க விற்கிறார்களே, அதுதான். சவ்வு பழுதான செல்லிலிருந்து உப்புகள் வெளியே கசியும். ஒவ்வொரு பையிலிருந்தும் 10 முளைகளை எடுத்து, ஒருமுறை அலசி, பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் 100 மில்லியில் போட்டு 2 மணி நேரம் விடவும். அளவை எடுக்கவும். பிறகு அதே முளைகளை அதே நீரிலேயே 15 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, குறைந்த நீரை 100 மில்லிக்கு ஈடுகட்டி, மறுபடி அளவெடுக்கவும். வெறும் நீரின் அளவை இரண்டிலிருந்தும் கழித்து, முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் எத்தனை விழுக்காடு கசிந்தது என்று தெரியும். கொதித்த நீரை அறை வெப்பநிலைக்கு ஆற்றாமல் அளந்தால் எண் தாறுமாறாகும். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் இதற்கு ஆகாது. அவற்றின் உப்பிலேயே கசிவு மறைந்துபோகும். கசிவுக்கு எடுத்த முளைகள் கொதியலோடு முடிந்துவிடும் என்பதால், இந்த வழியில் போகிறவர்கள் ஒரு பையில் 30 முளை வைத்துத் தொடங்கலாம்.

இரண்டாம் குழு, வெறும் 40 டிகிரி கண்டது, முதல் குழுவைவிடக் கொஞ்சம் பின்தங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். பாதுகாப்புக்குச் செலவழித்தது வளர்ச்சியிலிருந்து வந்ததுதானே. மிகவும் பின்தங்கினால் தொட்டி 40-ஐத் தாண்டியிருக்கிறது, எஃப்4-ஐத் திரும்பப் பாருங்கள்.

அடுத்து என்ன மாற்றிப் பார்க்கலாம்

ஓய்வு நேரத்தை 2, 24, 48 மணி என்று நீட்டுவது எனக்குப் பிடித்த மாற்றம். பழக்கம் மெல்ல மறக்கும். மறப்பதைத் தள்ளிப்போடவும் செடியிடம் தனிப் புரதம் உண்டு. தைவானில் அராபிடாப்சிஸில் கண்ட எச்.எஸ்.ஏ.32 அப்படிப்பட்டது, அது இல்லாத செடி குறுகிய ஓய்வுக்குப் பின் தாங்குகிறது, நீண்ட ஓய்வுக்குப் பின் தாங்குவதில்லை. ஆனால் 48 மணி நேரத்தில் முளையே வயதாகி மெலிந்துவிடும் என்பதால், அதே வயதான பழக்காத குழுவையும் அந்தந்த நேரத்தில் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

ஜோ கீயின் குழு இன்னொரு தந்திரமும் செய்தது: 40-க்குப் பதில் கொல்லும் 45 டிகிரியையே 10 நிமிடம் மட்டும் காட்டி, 28-இல் 2 மணி நேரம் விட்டு, பிறகு முழுத் தாக்குதல். அப்போதும் சோயா முளை தாங்கியது. பயறில் செய்ய பை உதவாது, பைக்குள் சூடேறுவதற்கே அந்த 10 நிமிடத்தில் பாதி போய்விடும். முளையை டீ வடிகட்டியில் வைத்து, 49 டிகிரி நீர் நிரப்பிய தெர்மாஸ் பிளாஸ்கில் நேராக முக்கி எடுங்கள்.

குளிர் பக்கமும் ஒரு வழி திறந்திருக்கிறது. பச்சைப்பயறு வெப்ப மண்டலப் பயிர், ஃபிரிட்ஜ் குளிர் அதற்கு ஆகாது. சில நாள் வைத்தாலே சவ்வு கசியத் தொடங்கும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பயறுத் தண்டுக்கு 40 டிகிரியில் சில மணி நேரம் சூடு காட்டிவிட்டுக் குளிரில் வைத்தபோது அந்தக் கசிவு குறைந்தது. இதற்கு வெந்நீர்த் தொட்டி அரை நாள்தான் தேவை. இரண்டாம் குழுப் பைகளையும் முதல் குழுப் பைகளையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பக்கம் பக்கமாக வைத்து, நாளுக்கு ஒரு பை எடுத்து டி.டி.எஸ் பேனாவால் அளக்கலாம். பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அங்கே உறைந்துபோனால் அது வேறு வகைச் சாவு.